படம் கெட்டால் எங்கே பார்ப்பது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் படக்கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் படம் எடுத்துக்கொள்ள வருவதில்லை. எடுத்த படம் ஏன் இப்படி வந்தது என்று கேட்க வருகிறார்கள். கைப்பேசியை நீட்டுவார்கள், கேமராவைப் பையோடு மேசையில் வைப்பார்கள், சில வேளை அப்பா விட்டுப்போன ஃபிலிம் கேமராவைத் துண்டில் சுற்றிக் கொண்டுவருவார்கள். முதல் கேள்வி மட்டும் மாறாது: "அண்ணே, லென்ஸ் மாத்தணுமா?"

பெரும்பாலும் வேண்டாம். நான் பார்க்கும் வரிசை இது: கண்ணாடி சுத்தமா, வெளிச்சம் எந்தப் பக்கம், நீங்கள் எங்கே நின்றீர்கள், கேமராவில் என்ன எண் வைத்தீர்கள். கருவியின் பழுது கடைசியில்தான். விலை வரிசையும் இதுவேதான், முதல் நான்குக்கும் ஒரு சென் செலவில்லை. உங்கள் படத்தின் நோயைக் கீழே தேடிப் பிடியுங்கள். சொன்னதை மேலிருந்து செய்துகொண்டே வாருங்கள். எந்தப் படியில் சரியாகிறதோ அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள், மீதியைப் படிக்க வேண்டாம்.

படம் முழுக்கப் பால் ஊற்றியது போல் வெளிறிக் கிடக்கிறது

முதலில் துடையுங்கள். கிண்டலாகச் சொல்லவில்லை. போன மாதம் ஒரு தம்பி, விளக்கைச் சுற்றியெல்லாம் வெள்ளைப் புகை விழுகிறது என்று புதுக் கைப்பேசியோடு வந்தார். பின்பக்கக் கண்ணாடியில் கட்டைவிரல் ரேகை, தேங்காய் எண்ணெயோடு, அச்சுப் போட்ட மாதிரி இருந்தது. சட்டை முனையால் அவரே துடைத்தார், புகை போயிற்று. கேமரா லென்ஸுக்குச் சட்டை முனை வேண்டாம். முதலில் ஊதுபந்தால் தூசியை ஊதிவிட்டு, மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து வெளியே வட்டமாகத் துடையுங்கள்.

துடைத்த கையோடு மறுபடி மூடுகிறதா? அது பனி. ஏர்கோன் போட்ட மண்டபத்தில் மூன்று மணி நேரம் குளிர்ந்த லென்ஸை வாசலுக்குக் கொண்டுபோனால் வெளியே இருக்கும் ஈரம் அதன்மேல் படியத்தான் செய்யும். தேய்க்கத் தேய்க்கத் திரும்ப வரும். வெளியே போவதற்கு முன் கேமராவை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றை அழுத்தி மூடிவிடுங்கள். வெளிச்சூட்டுக்கு வர இருபது, முப்பது நிமிடம் கொடுங்கள். மணமக்கள் காடி (கார்) ஏறும் காட்சி வேண்டுமென்றால் அரை மணி முன்னதாகவே ஒரு கேமராவை வெளியே வைத்திருக்க வேண்டும். வேறு குறுக்கு வழி கிடையாது.

இரண்டும் இல்லையென்றால் பூஞ்சையைத் தேடுங்கள். லென்ஸைக் கழற்றி, வெளிச்சம் நுழையும் துவாரத்தை முழுசாகத் திறந்து, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்பக்கமாகச் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி நூல் போலவோ, ஜன்னலில் படிந்த பனிப்பூ போலவோ கிளை கிளையாகத் தெரிந்தால் அதுதான். நம் ஊரில் காற்றின் ஈரப்பதம் சாதாரணமாகவே 80 விழுக்காட்டைத் தொடும். 60, 70க்கு மேல் ஈரமும் இருட்டும் அசைவில்லாத காற்றும் சேர்ந்தால் பூஞ்சைக்கு விருந்து. தோல் உறையில் போட்டு அலமாரியில் பட்டுப்புடைவைக்கு அடியில் பத்திரப்படுத்துகிறார்களே, அதைவிட நல்ல வளர்ப்பிடம் அதற்கு வேறில்லை.

என் முதலாளி எனக்குக் கொடுத்த 135 மி.மீ. லென்ஸில் முன்கண்ணாடி ஓரமாக ஏழெட்டு நூல் இருக்கிறது. பல வருடமாக இருக்கிறது. வெயில் முதுகுப் பக்கம் இருந்தால் படத்தில் அது தெரியவே தெரியாது. எதிர்வெயிலில் திருப்பினால் கறுப்பெல்லாம் சாம்பலாகிவிடும். ஆகவே ஓரத்தில் நாலு நூல் என்றால் அலற வேண்டாம், பின்கண்ணாடியில் இருந்தால்தான் தொல்லை அதிகம். நீங்களே பிரிக்காதீர்கள். முற்றிய பூஞ்சை மேற்பூச்சையே அரித்திருக்கும், துடைத்தாலும் தழும்பு நிற்கும்.

வராமல் தடுப்பது மலிவு. ஈரம் நீக்கும் மின்பெட்டி வாங்க முடிந்தால் 40க்கும் 50க்கும் இடையில் வையுங்கள். முடியாவிட்டால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், பத்துப் பதினைந்து ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் சின்ன ஈரமானி போதும். ஜெல் நிறம் மாறினால் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்துத் திரும்பப் போடலாம். அந்த வாணலியைச் சமையலுக்குத் திரும்பக் கொடுத்துவிடாதீர்கள், நான் வாங்கிய திட்டு போதும்.

புகைமூட்டக் காலத்தில் தூரத்து மலை தெரியவில்லை என்று லென்ஸைக் கொண்டு வருகிறவர்களும் உண்டு. வானத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

மங்கல்

மங்கல் மூன்று வகை, மூன்றுக்கும் மருந்து வேறு. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் உங்கள் கை. சுவரும் குத்துவிளக்கும் கூர்மையாக இருந்து ஆள் மட்டும் இழுபட்டிருந்தால் அவர் அசைந்திருக்கிறார். கண் மங்கிக் காது கூர்மையாக இருந்தால் ஃபோகஸ்.

கைக்கு மருந்து பழைய கணக்குத்தான். லென்ஸின் மி.மீ. எண் எதுவோ, ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை, வினாடியில், ஒன்றின் கீழ் அந்த எண்ணாகவோ அதைவிட வேகமாகவோ வையுங்கள். சிறிய சென்சார் கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் ஏறக்குறைய 75 போல் நடந்துகொள்ளும், அதற்கு 1/80. ஆள் அசைவுக்கு இந்தக் கணக்கு உதவாது. லென்ஸுக்குள் இருக்கும் நடுக்கம் தாங்கியும் உதவாது, அது உங்கள் கையைத்தான் தாங்கும். காவடி ஆடுகிறவருக்கு 1/250ஆவது வேண்டும். வெளிச்சம் போதாதென்றால் ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா ஒளியை உணரும் அளவை, ஏற்றுங்கள். புள்ளி விழுந்த படத்தை வீட்டில் மாட்டலாம், இழுபட்டதை மாட்ட முடியாது.

ஃபோகஸ் தப்புவதற்குப் பெரும்பாலும் ஆசைதான் காரணம். 85 மி.மீ. லென்ஸின் துவாரத்தை எஃப்/1.8க்கு அகலத் திறந்து இரண்டு மீட்டரில் நின்றால் கூர்மையாக இருக்கும் ஆழம் ஏறக்குறைய 6 செ.மீ. மூக்கு நுனியிலிருந்து காது வரைக்கும்கூட அது காணாது. மணப்பெண் ஒரு மூச்சு இழுத்துவிட்டாலே கண் அந்த ஆறு சென்டிமீட்டருக்கு வெளியே போய்விடும். எஃப்/4க்கு மூடுங்கள். அப்படியும் எப்போதுமே பின்னாலோ எப்போதுமே முன்னாலோ விழுகிறது என்றால், ஐந்து தீப்பெட்டிகளைப் படிக்கட்டு மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்த்து வைத்து நடுப்பெட்டியில் ஃபோகஸ் பிடித்து, கேமராவைத் தாங்கியில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள். வேறு பெட்டி கூர்மையாக வந்தால் கண்ணாடி மடக்கும் பழைய வகை டிஜிட்டல் கேமராக்கள் பலவற்றில் மெனுவிலேயே திருத்தலாம். அந்தக் கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ் வகையில் சென்சாரே ஃபோகஸ் பார்ப்பதால் இந்த நோய் அநேகமாக இல்லை.

தோட்டத்தில் எடுத்தால் முகம் பச்சையாக விழுகிறது

இந்த நோயோடு வாரம் ஒருவராவது வருவார். நிச்சயதார்த்தப் படத்தை ரப்பர்க் காட்டில் எடுப்பது இப்போது பழக்கமாகிவிட்டது. வரிசை வரிசையாக மரம், நடுவில் ஜோடி, பார்க்க அழகுதான். ஆனால் அங்கே தலைக்குமேல் இருப்பது பச்சைக் கூரை. இலையைத் துளைத்துக்கொண்டு வரும் வெளிச்சமும் பச்சை, தரையில் கிடக்கும் புல்லில் பட்டுத் தாடைக்கு அடியில் ஏறுவதும் பச்சை. கண் இதைத் தானாகத் திருத்திக்கொள்ளும், கேமரா முழுசாகத் திருத்தாது.

செய்யவேண்டியது:

முதலில் இடத்தை மாற்றுங்கள். காட்டின் நடுவிலிருந்து வண்டிப் பாதை ஓரத்துக்கு ஜோடியைக் கொண்டுவந்து, முகம் திறந்த வானத்தைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். மரவரிசை பின்னால் அப்படியே இருக்கும். பச்சையில் பாதி இங்கேயே போய்விடும்.

அடுத்து, காலடியில் வெள்ளைத் துணி விரியுங்கள். இடுப்புவரை எடுத்த படத்தில் துணி தெரியாது, கழுத்துப் பச்சை மட்டும் போயிருக்கும்.

அதற்கும் மேல் மிச்சமிருந்தால் ஒயிட் பேலன்ஸை, அதாவது வெள்ளை வெள்ளையாக வர நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பை, சாம்பல் அட்டை வைத்துப் பிடியுங்கள். மாப்பிள்ளையின் வேட்டியை வெள்ளை என்று நம்பி அதில் பிடிக்காதீர்கள். வீட்டில் நீலம் போட்டு அலசியிருப்பார்கள், கடை வேட்டியில் ஒளிரும் சாயம் இருக்கும். கேமரா அந்த நீலத்தைக் கழிப்பதாக நினைத்து முகத்துக்கு மஞ்சள் ஏற்றிவிடும். ஒரு முழுத் திருமணத்தை நான் இப்படி மஞ்சள் காமாலை போட்டு எடுத்திருக்கிறேன். அட்டை இல்லாவிட்டால் அமைப்பில் பச்சை-மெஜந்தா கோட்டை மெஜந்தா பக்கம் இரண்டு படி நகர்த்துங்கள்.

ஃபிலிமில் இந்தச் சலுகை இல்லை. பகல் ஒளி ஃபிலிம் 5,500 கெல்வின் வாக்கிலான வெளிச்சத்துக்குச் செய்தது. பச்சையைப் பச்சையாகவே பதியும், லேப்பில் பிரிண்ட் போடுகிறவர்தான் கழிக்க வேண்டும். டியூப் லைட் மண்டபத்தில் அதனால்தான் இளஞ்சிவப்பு ஃபில்டர் ஒன்றை மாட்டிக்கொண்டு திரிந்தோம்.

ரப்பர்க் காட்டுக்கு என்றால் மாதத்தையும் பாருங்கள். பிப்ரவரி, மார்ச்சில் மரம் இலை கொட்டும். கொட்டும் முன் செம்மஞ்சளாகும், கொட்டியபின் வானம் திறக்கும். அந்த இரண்டு மூன்று வாரம் பச்சையும் இல்லை, இருட்டும் இல்லை. செம்பனைக் காட்டில் இப்படி ஒரு பருவம் கிடையாது. மட்டை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பகல் 11 மணிக்கும் அந்தி மாதிரி இருக்கும். அங்கே என்னைக் கூப்பிட்டால் ஓரப் பாதையை விட்டு உள்ளே போகமாட்டேன்.

கண் இரண்டும் குழியாகக் கறுத்திருக்கிறது

உச்சி வெயில். "மணி ஒண்ணுதான அண்ணே, உச்சி தாண்டிடுச்சே" என்பார்கள். தாண்டவில்லை. நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவதே கடிகாரத்தில் ஏறக்குறைய 1.15க்கு. முகூர்த்தம் முடிந்து, சாப்பாடு முடிந்து, "எல்லாரும் கோயில் வாசலுக்கு வாங்க, ஒரு படம்" என்று கூட்டுவது சரியாக அந்த நேரம்.

இதில் எனக்கு ஒரு தனிப் பாடம் கிடைத்தது. முதலாளி ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். எந்தத் தோட்டத்துக் கோயிலில் எந்த மாதம் எத்தனை மணிக்கு முகப்பில் வெயில் விழும் என்று 1970களில் பென்சிலால் எழுதியது. ஒரு பக்கத்தில் "ஏப்ரல், மாரியம்மன் முகப்பு, 7.15, நல்ல வெயில்" என்றிருந்தது. நம்பி 7 மணிக்கே போய்த் தாங்கியை நிறுத்தினேன். 7.15க்கு நல்ல வெயில் எங்கே, சூரியன் எழுந்தே சிறிது நேரம்தான் ஆகியிருந்தது, கோபுரம் சாம்பல் நிறத்தில் நின்றது. 7.45க்கு அவர் எழுதிய மாதிரியே முகப்பு பொன்னாக மாறியது. திரும்பி வந்து அவரிடம் புகார் சொன்னேன். சிரித்தார். "கடிகாரத்த அரை மணி தள்ளி வச்சாங்களேடா, மறந்துட்டியா?" தீபகற்ப மலேசியாவின் நேரம் 1982 ஜனவரி 1ஆம் தேதி அரை மணி முன்னே நகர்த்தப்பட்டது. சூரியனுக்கு யாரும் சொல்லவில்லை. அந்த நோட்டில் இருக்கும் எல்லா நேரத்துக்கும் அரை மணி கூட்டித்தான் இன்றுவரை பயன்படுத்துகிறேன்.

ஆகவே வெளிப்படம் என்றால் காலை 7.45லிருந்து 9.30, மாலை 5.30லிருந்து 7. நிலநடுக்கோட்டுப் பக்கம் சூரியன் செங்குத்தாக இறங்குவதால் அந்தி வெகு சீக்கிரம் போய்விடும், தேத்தண்ணி குடித்துவிட்டு வருகிறேன் என்று போகாதீர்கள். உச்சியில்தான் எடுத்தாக வேண்டும் என்றால் மண்டப முகப்பின் நிழலில், விளிம்பிலிருந்து இரண்டடி உள்ளே, முகம் வெளியே பார்க்க நிறுத்துங்கள். அந்த இடமும் இல்லையென்றால் பகலிலேயே ஃபிளாஷைக் குறைத்துப் போடுங்கள்.

முகம் கறுத்துவிட்டது, அல்லது வேட்டி வெந்துவிட்டது

கேமராவின் ஒளிமானி எதைக் கண்டாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளைச் சுவர்முன் நம் நிறத்து ஆள் நின்றால் சுவரைச் சாம்பலாக்குவதற்காக ஆளை இருட்டாக்கும். கறுப்புத் திரைமுன் நின்றால் திரையை வெளுக்கப் போய் நெற்றியை வெளுத்துவிடும். சுவரைப் பார்த்து முடிவு செய்யும் கருவியை நம்பாமல் உள்ளங்கையைப் பாருங்கள். மனிதர்களின் நிறம் எத்தனை மாறினாலும் உள்ளங்கை ஏறக்குறைய ஒரே வெளிர், சாம்பலைவிட ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம், கூட. ஆள் நிற்கும் அதே வெளிச்சத்தில் கையை நீட்டி, அதை அளந்து, வந்த கணக்கிலிருந்து ஒரு ஸ்டாப் திறந்துவிடுங்கள். முகம் முகமாக வரும்.

இந்தக் குறை நம் கையிலிருந்து மட்டும் வரவில்லை. லேப்புகளில் நிறம் சரிபார்க்க கோடாக் அனுப்பிய அட்டையில் நெடுங்காலம் ஒரு வெள்ளைக்காரப் பெண்தான் இருந்தாள். அவள் பெயரால் அதை ஷெர்லி அட்டை என்றார்கள். அவள் முகம் சரியாக வந்தால் மெஷின் சரி. பல நிறத்தாரும் இருக்கும் அட்டை வந்தது 1990களில். பழைய கல்யாண ஆல்பங்களில் நம் பாட்டிகள் கறுத்த நிழலாக நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஃபிலிமும் டிஜிட்டலும் நேரெதிராக நடப்பது இங்கேதான். நெகட்டிவ் ஃபிலிமுக்கு ஒரு ஸ்டாப் கூட ஊட்டினால் தாங்கிக்கொள்ளும், பட்டினி போட்டால் நிழலெல்லாம் சேறாகும். டிஜிட்டலில் இருட்டை ஓரளவு தூக்கி எடுக்கலாம், வெளிச்சம் கூடி வெந்துபோன வேட்டி மடிப்பும் சங்கிலிப் பளபளப்பும் திரும்பவே திரும்பாது. ஃபிலிமில் பழகிய கை என்பதால் டிஜிட்டலுக்கு வந்த முதல் வருடம் என் வேட்டியெல்லாம் வெறும் வெள்ளைத் தாள். இப்போது கேமரா திரையில் வரும் ஒளிவரைபடத்தின் (ஹிஸ்டோகிராம்) வலது சுவரில் மலை முட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த படம்.

கோடுகள், பட்டைகள்

படத்தின் குறுக்கே மங்கலான பட்டைகள் என்றால் விளக்கு துடிக்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பழைய டியூப் வினாடிக்கு 100 தடவை துடிக்கும். ஷட்டரை 1/100 அல்லது 1/50இல் வையுங்கள், ஓசையில்லா எலெக்ட்ரானிக் ஷட்டரை அணையுங்கள். மேடை எல்இடி பலகைகள் வேறு வேகத்தில் துடிக்கும், அங்கே நகர்த்தி நகர்த்தித்தான் பிடிக்க வேண்டும். ஃபிளாஷ் போட்ட படத்தில் ஒரு பக்கம் பட்டையாகக் கறுப்பு விழுந்தால் ஷட்டர் வேகம் கூடிவிட்டது. புது கேமராவில் 1/200 தாண்டாதீர்கள், பழைய துணி ஷட்டரில் 1/60.

ஓரத்தில் நின்ற சித்தப்பா பருத்துவிட்டார், பிரிண்டில் காணாமலே போய்விட்டார்

பருத்ததற்குக் காரணம் அகல லென்ஸ். 24 மி.மீ. வைத்து இடத்தை அடக்கினால் ஓரத்துத் தலைகள் இழுபடும். பின்னால் போங்கள், 35 அல்லது 50க்கு மாறுங்கள். இரண்டு வரிசை என்றால் எஃப்/8, முன்வரிசைக் கண்ணில் ஃபோகஸ். லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் எடுத்தால் எல்லார் தலைக்குப் பின்னாலும் ஒருமுறை பாருங்கள், கொடிக்கம்பு யார் மண்டையிலாவது முளைத்திருக்கும். நீங்கள் அரையடி நகர்ந்தால் போதும், நாற்பது பேரை நகர்த்த வேண்டாம்.

காணாமல் போனதற்குக் காரணம் தாள். கேமரா சட்டம் பெரும்பாலும் 3க்கு 2. 4ஆர் அதற்குப் பொருந்தும். 8ஆர் 8க்கு 10 அங்குலம். முழுப்படத்துக்கு 8க்கு 12 வேண்டும், இரண்டு அங்குலத்தை லேப் வெட்டித்தான் தீரும். சித்தப்பா அந்த இரண்டு அங்குலத்தில் நின்றிருப்பார். இரு பக்கமும் ஓர் ஆள் அகலம் காலியாக விட்டு எடுங்கள்.

தாத்தா படத்தைப் பெரிதாக்கினால் வெள்ளி மாதிரி பளபளக்கிறது

கொண்டுவருவது பெரும்பாலும் அடையாளக் கார்டுப் படம். 1948 ஜூனில் இந்த ஊர்ப்பக்கம் தோட்ட துரைமார் சுடப்பட்டு அவசரகாலம் வந்ததும், 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் படமும் கைரேகையும் போட்ட கார்டு கட்டாயமானது. அதனால் தோட்டத்து ஆள் பலர் விட்டுச்சென்ற ஒரே படம் அதுதான். பழைய பிரிண்டில் வெள்ளி மேலே ஏறிவந்து கண்ணாடி போல் மின்னும். நேராக ஃபிளாஷ் அடிக்காதீர்கள். ஜன்னல் ஓரம், வெளிச்சம் 45 டிகிரியில் பக்கவாட்டாக விழ வைத்து, படத்தைச் சுழற்றிச் சுழற்றிப் பளபளப்பு அடங்கும் கோணத்தில் எடுங்கள். தடவித் துடைக்கவே கூடாது.

ஃபிலிம் ரோல் வெறுமையாக வந்திருக்கிறது

எனக்கு நடந்தது. பக்கத்துத் தோட்டக் கல்யாணம், தாலி கட்டும் நேரம். எண்ணி எண்ணி எடுத்தேன். 36 தாண்டியது, 37, 38. கெட்டிக்காரத்தனமாக ரெண்டு படம் கூட வாங்கிவிட்டேன் என்று நினைத்தேன். 41இல் வயிறு கலங்கியது. ஃபிலிம் பல்சக்கரத்தில் மாட்டவே இல்லை, முதல் படத்திலிருந்து அங்கேயே நின்றிருக்கிறது. பெண்ணின் அப்பா என்னைத் திட்டவில்லை. மறுநாள் அதே மாலையைத் தண்ணீர் தெளித்துப் போட்டுக்கொண்டு ஜோடி மறுபடி நின்றார்கள். தாலி கட்டும் படம் மட்டும் அந்த வீட்டில் இல்லை.

ஃபிலிம் போட்டு மூடியதும் இடப்பக்கச் சுருட்டுக் குமிழை மெல்லத் திருகித் தளர்வை எடுங்கள். பிறகு லீவரை இழுக்கும்போது அந்தக் குமிழ் தானாகச் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் திறந்து மறுபடி மாட்டுங்கள்.

செம்மஞ்சள் கீற்று விழுந்தால் பின்கதவு ஸ்பாஞ்ச் உருகிவிட்டது. நம் வெப்பத்தில் அது பிசுக்காகிவிடும், சுரண்டிவிட்டுக் கறுப்புக் கம்பளி நூல் ஒட்டினாலே போதும். கறுப்பு வெள்ளையை வீட்டில் கழுவிப் படம் முரட்டுத்தனமாக வந்தால் தண்ணீர்ச் சூடு. குறிப்பில் இருக்கும் நேரம் 20 டிகிரிக்கு, நம் குழாயில் வருவது 28 வாக்கில். ஐஸ் கட்டியைப் பையில் போட்டு வெளித்தொட்டியில் வைத்து 24க்கு இறக்குங்கள், 10 நிமிடம் என்றிருந்தால் 7 நிமிடம் கழுவுங்கள்.

கார்டில் படமே இல்லை

கேமராவை உடனே அணைத்து, கார்டை வெளியே எடுத்துவிடுங்கள். அதில் இன்னொரு படம்கூட எடுக்காதீர்கள். அழித்ததும் படம் போய்விடுவதில்லை, அதன்மேல் புதிது எழுதும்போதுதான் போகிறது. ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் பெரும்பாலும் மீட்டுத் தரும். வெற்று ரோலுக்கு அப்படி ஒன்று இருந்திருந்தால் என்று அதை ஓடவிடும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

லென்ஸில் ரப்பர்ப் பால் தெறித்துவிட்டது

விடியற்காலையில் நெற்றி விளக்கோடு பால் எடுக்க ரப்பர் மரத்தைச் சீவுகிறவரை, பால் வடியும் மங்குக்கு (கிண்ணத்துக்கு) அருகில் குனிந்து எடுத்தால் இது நடக்கும். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் கண்ணாடி முழுக்கப் பூசிக்கொள்ளும். விட்டுவிடுங்கள். காயட்டும். அரை நாள் கழித்து ஓரத்தில் நகத்தால் கிளப்பினால் ஃபில்டரிலிருந்து தோல் உரிவது போல் ஒரே துண்டாக வரும். ஃபில்டர் போடாமல் அங்கே போயிருந்தால் நீங்களே கிளப்ப வேண்டாம், கடைக்குக் கொண்டு வாருங்கள்.